ஆறாவது பேருக்கு வந்த பதில்

இந்தச் சம்பவத்தில் வரும் நேரங்களில் ஒன்றைக்கூட நான் போடவில்லை. பாதியைக் கணினி போட்டது. மீதியைக் கைபேசி போட்டது. இரண்டுக்கும் கதை கட்டத் தெரியாது. போன வருடம் ஆவணி மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை, மண்டை பிளக்கும் வெயிலில் நடந்தது இது. பேய்க்கு இருட்டு வேண்டும் என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் அந்த நம்பிக்கையை இந்த வரியோடு இறக்கி வைத்துவிடலாம்.

நிரோஜினிக்கு வயது இருபத்தேழு. சொந்த ஊர் இளவாலை. தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை. மூன்று வருடத்துக்கு முன்புதான் குருநகருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். புருஷன் றஜிந்தன், தன் தாய்மாமன் செபநாயகத்தின் படகில் தொழிலுக்குப் போகிறவன். அதிகாலை நான்கு மணிக்குப் போனால் பகல் பன்னிரண்டுக்குள் வந்துவிடுவான். பன்னிரண்டு தாண்டினால் நிரோஜினிக்குச் சோறு இறங்காது. கடற்கரையில் பிறந்தவர்களுக்குப் பழகிப்போன பயம், அவளுக்கு இன்னும் பழகவில்லை.

அவள் தேவாலயப் பாடகர் குழுவில் முன்குரல். அச்சுவேலிக் கோபிசங்கர் ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருப்பவர். இருவரும் சேர்ந்து யூடியூபில் ஒரு வரிசை தொடங்கியிருந்தார்கள். எழுபதுகளில் இசைத்தட்டாக வந்து, வானொலியில் ‘நேயர் விருப்பம்’ என்று ஓடித் தேய்ந்த தோணிப் பாட்டுகள். பாட்டைப் பாடுவது, அதை முதலில் பாடியவர் யார் எவர் என்று இரண்டு வார்த்தை சொல்வது. நாவாந்துறைச் சகோதரர்கள் இருவர் பாடிய பாய்மரப் பாட்டு வந்தது. ஊர்காவற்றுறைத் தையல்காரர் ஒருவர் பாடிய மிதவைப் பாதைப் பாட்டு வந்தது. இரண்டும் பிய்த்துக்கொண்டு ஓடின. கனடாவிலிருந்தும் பாரிஸிலிருந்தும் ஒரே கேள்வி: “ஏறு வள்ளம் எப்ப வரும்?”

கொழும்புத்துறை அடைக்கலநாதனின் ‘ஏறு வள்ளம்.’ பாண்ட்காரர் இந்தப் பாட்டை எடுக்காமல் அந்தப் பக்கத்தில் ஒரு கலியாண வீடு முடியாது. அடைக்கலநாதன் கடற்றொழிலாளி. வாழ்நாளில் போட்டது அந்த ஒரே இசைத்தட்டு. அதற்குப் பிறகு அவர் வாய் திறந்து பாடவே இல்லை.

பாட்டின் நடுவில் ஒரு இடம். வள்ளத்தில் ஏறச் சொல்லி ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்.

*சூசை ஏறு... பிலிப்பு ஏறு...*
*சவிரி ஏறு... மத்தேசு ஏறு...*
*அந்தோனி ஏறு...*

ஒவ்வொரு பேருக்குப் பின்னும் நான்கு தட்டு இடைவெளி. ஐந்து பேர் முடிந்ததும் கிற்றார் ஆறாவது தடவையும் அதேபோல எடுத்துக் கொடுக்கும். ஆனால் பாடகர் பாடமாட்டார். வெறும் தாளம் ஓடும். பிறகு பாட்டு மேலே போகும். கலியாண வீடுகளில் அந்த வெற்றிடத்தில் சனம் கை தட்டும். ஏன் வெற்றிடம் என்று யாரும் கேட்டதில்லை.

கோபிசங்கர் கேட்டார்.

“உந்த ஓட்டை எனக்குக் காதுக்கை உறுத்துது, தங்கச்சி,” என்றார். “அஞ்சு பேரை ஏத்திப்போட்டு ஆறாவதைக் காலியா விட்டால் வள்ளம் சரியாதோ? ஒரு பேரைப் போட்டு அடையுங்கோ.”

“ஆரின்ரை பேரை அண்ணை?”

“வேறை ஆரின்ரை? உங்கடை ஆளின்ரை பேரைத்தான். ஊரான்ரை பேரைப் போட்டால் அவர் மீன் குத்துற மண்டாவோடை வந்து என்னையல்லோ குத்துவார்.”

நிரோஜினி சிரித்துவிட்டாள். வாய்க்குள் பாடிப் பார்த்தாள். றஜிந்தன் ஏறு. அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவனுக்குப் பிறந்தநாள். சொல்லாமல் கொள்ளாமல் போட்டுக் காட்டலாம்!

10.52. பதிவு.

கூடத்தில் அவள் மட்டும். சுவர் நிறைய முட்டை மட்டை ஒட்டியிருந்தது. தடித்த கதவு. ஒரே ஒரு மைக். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கோபிசங்கர். சுற்றிவர வெங்காயத் தோட்டம். ஒரே மூச்சில் பாடி முடித்தாள். ஆறாவது பேரைச் சொன்னபோது மட்டும் ஹெட்போன் காதில் சில்லிட்டது. கழற்றித் துடைத்தாள். விரலில் ஈரம். வியர்வை என்று நினைத்தாள்.

முகர்ந்து பார்த்திருந்தால், அது கடல்நீர் என்று அப்போதே தெரிந்திருக்கும்.

10.58. கோபிசங்கர் பேர் சொல்லும் இடத்தை மட்டும் நாற்பது விநாடிக்கு வெட்டி, ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அறுபத்து மூன்று பேர் உள்ள குழு. ‘சூடாக இருக்கிறது, கேளுங்கள்’ என்று ஒரு வரி. பிறகுதான் நாற்காலியை இழுத்துப் போட்டு, முழுப் பதிவையும் கேட்க உட்கார்ந்தார்.

11.03. முதல் தடவை.

*சூசை ஏறு...*

“ஓ...”

கோபிசங்கர் நிறுத்தினார். “நீங்களே அது?”

“இல்லை அண்ணை.”

ஆண் குரல். மிகத் தொலைவில். திறந்த வெளியில் நின்று, கையைக் குவித்துக் கூப்பிட்டவனுக்குப் பதில் கொடுத்ததுபோல. பழைய இசைத்தட்டின் துண்டு ஏதாவது கலந்துவிட்டதோ என்று அவர் தேடினார். கணினியில் இருந்தது அவள் குரல் ஒன்றுதான். பழைய இசைத்தட்டிலும் இப்படி ஒரு பதில் கிடையாது.

தொடர்ந்து ஓடவிட்டார்.

பிலிப்புக்கு ஒரு ‘ஓ’. கொஞ்சம் கிட்ட. சவிரிக்கு ஒன்று. இன்னும் கிட்ட. மத்தேசுவுக்கு வந்த குரலில் மூச்சு வாங்கியது. அந்தோனியின் ‘ஓ’, முட்டை மட்டைச் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது.

*றஜிந்தன் ஏறு...*

நான்கு தட்டு. ஒன்றுமில்லை. தண்ணீர் பலகையில் மோதும் சத்தம் மட்டும்... சளக்... சளக்...

“உது மைக்கின்ரை கோளாறு,” என்றார் கோபிசங்கர். அவர் குரலுக்கே அதில் நம்பிக்கை இல்லை.

11.09. இரண்டாம் தடவை.

ஐந்து ‘ஓ’க்களும் அதே இடத்தில். ஆறாவது பேர். சளக்... சளக்... அதோடு இன்னொன்று. மரம் முனகியது. பாரம் ஒன்று பலகையை விட்டு எழும்பும் முனகல்.

முதல் தடவை அது இல்லை. இருவருக்கும் நிச்சயம்.

அறைக்குள் பாசி மணத்தது.

11.14. மூன்றாம் தடவை.

சளக். முனகல். பிறகு ஒரு காலடி. பிறகு... யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். பதில் சொல்ல வாயைத் திறக்கும் மூச்சு. அத்தோடு தாளம் முடிந்து பாட்டு மேலே போனது.

நிரோஜினியின் கை கோபிசங்கரின் கையைத் தட்டிவிட்டது.

“இனிப் போடாதேங்கோ!”

“ஏன்...”

“உங்களுக்கு விளங்கேல்லையோ? போடப் போட அது முன்னுக்குப் போகுது. அந்த மூச்சு... அது றஜிந்தன்ரை மூச்சு, அண்ணை. மூண்டு வருசமாய்ப் பக்கத்திலை படுத்துக் கேக்கிறன். எனக்குத் தெரியாதோ?”

அவர் பதிவை அழித்தார். பிறகு அவர் முகம் வெளுத்தது.

“குறூப்பிலை போட்டனான்...”

அங்கேயும் அழித்தார். ஆனால் அதற்குள் அது எத்தனையோ கைபேசிகளில் இறங்கிவிட்டது. யார் யார், எத்தனை தடவை, எந்த ஊரில் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார்களோ...

றஜிந்தனுக்கு அழைத்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. செபநாயகத்துக்கு அழைத்தாள். அதே பதில்.

11.20. அடைக்கலநாதனின் மனைவி லூர்த்தம்மாவுக்கு அழைத்தாள். பாட்டைப் பாடலாம் என்று அனுமதி கொடுத்தவர் அவர்தான். எண்பது வயது. நடந்ததைச் சொல்லி முடித்தாள்.

“ஏன் பிள்ளை அதை அடைச்சனீ?”

“எனக்குத் தெரியாது அம்மா...”

“பாடச் சொன்னனான். அடைக்கச் சொன்னனானே?” கிழவி இருமினார். “நீ தோட்டக்காரப் பிள்ளை. உனக்கு ஆர் சொல்லித் தந்தது! முந்தி வள்ளம் தள்ளேக்கை முன்னுக்குப் பாடுறவன் ஒவ்வொருத்தனாய்ப் பேர் சொல்லிக் கூப்பிடுவான். கூப்பிடாமல் ஒருத்தனும் ஏறமாட்டான். கூப்பிட்டால், பதில் சொல்லிப்போட்டு ஏறத்தான் வேணும். அதுதான் எங்கடை வழக்கம்.”

“அப்ப அந்த அஞ்சு பேர்...”

“என்ரை மனிசனோடை தொழில் செய்தவங்கள். ஆறாவது ஆள் அவர். வானொலியிலை குரல் பரீட்சை எண்டு அவர் கொழும்புக்குப் போன அண்டைக்கு, அவங்கள் அவர் இல்லாமல் வெளிக்கிட்டவங்கள். திரும்பி வரேல்லை. பேந்துதான் அந்தப் பாட்டைக் கட்டினவர். தன்ரை பேரை வைக்கப் பயம். வேறை ஒருத்தன்ரையை வைக்க மனமில்லை. சும்மா விட்டார். அவர் செத்தது ஆசுப்பத்திரிக் கட்டிலிலை. அந்த வள்ளத்திலை ஒரு பலகை இன்னும் காலியாத்தான் கிடக்கு, பிள்ளை.”

நிரோஜினி நாற்காலியை விட்டு எழுந்தாள்.

“உன்ரை மனிசன் பதில் சொல்லீட்டானோ?”

“இன்னும் இல்லை.”

“அப்ப ஏன் என்னோடை கதைச்சுக்கொண்டு நிக்கிறாய்? கரைக்கு ஓடு! கூப்பிட்டவள் நீ. நீதான் கரையிலை நிண்டு திருப்பிக் கூப்பிட வேணும். அவன்ரை வாயாலை பதில் வருமட்டும் விடாதை!”

11.27. ஸ்கூட்டியை எடுத்தாள். பின்னால் கோபிசங்கர் ஏதோ கத்தினார். காதில் விழவில்லை.

அச்சுவேலியிலிருந்து குருநகர் ஓட்டமாக ஓடினாலும் முக்கால் மணி நேரம். கோப்பாய் வெளியில் வெயில் தார் ரோட்டை நக்கிக்கொண்டிருந்தது. முன்னால் ஒரு உழவு இயந்திரம், வழி விடாமல். ஹோர்ன் அடித்தாள். அடித்தாள். பையில் கைபேசி டிங் என்றது. டிங். டிங். ஒவ்வொரு டிங்குக்கும் வேகத்தைக் கூட்டினாள். பார்க்காமல் ஓடினாள். பார்க்காவிட்டால் நடக்காது என்பதுபோல.

இருபாலைச் சந்தியில் பொலிஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். பாடசாலைப் பிள்ளைகள் வீதியைக் கடந்தார்கள். ஒன்று. இரண்டு. மூன்று... முடியவே இல்லை.

பொறுக்க முடியவில்லை. கைபேசியை எடுத்தாள்.

11.41. ரொறன்ரோ எண் ஒன்று: ‘நித்திரை வரேல்லை அக்கா, நாலு தரம் கேட்டிட்டன். சூப்பர்!’

11.43. பாரிஸ்: ‘ஐயோ, புல்லரிக்குது. திருப்பித் திருப்பிப் போடுறன்.’

11.44. யாரென்று தெரியாத எண்: ‘பின்னுக்குக் கேக்கிற ஆம்பிளைக் குரல்கள் ஆர் அக்கா?’

11.46.

‘கடைசியிலை “வாறன்” எண்டு சொல்லுறது உங்கடை ஹஸ்பண்டோ?’

பிள்ளைகள் கடந்து முடிந்திருந்தார்கள். பொலிஸ்காரர் போகச் சொல்லிக் கையை அசைத்தார். பின்னால் வாகனங்கள் கத்தின. அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. பிறகு எப்படி ஓட்டினாள், எந்த வழியால் போனாள் என்று அவளுக்கு இன்றைக்கும் தெரியாது.

12.11. குருநகர் இறங்குதுறை.

படகுகள் எல்லாம் வந்து கட்டியிருந்தன. செபநாயகத்தின் நீலப் படகு இல்லை.

கடல் கண்ணாடிபோல் கிடந்தது. மண்டைதீவுப் பக்கம் ஒரு புள்ளிகூட இல்லை. அவள் இறங்குதுறையின் நுனிக்குப் போனாள். செருப்பைக் கழற்றினாள். ஏன் என்று தெரியாது.

“றஜிந்தன்!”

ஐஸ் பெட்டியில் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். “என்ன பிள்ளை, புருசனை ஏலம் விடுறியோ? கேள்வி என்ன விலையிலை தொடங்குது?”

நாலு பேர் சிரித்தார்கள். அவள் திரும்பவில்லை.

“றஜிந்தன்!”

பன்னிரண்டே கால். பன்னிரண்டு இருபது. தொண்டை கீறியது. சிரித்தவர்களும் இப்போது சிரிக்கவில்லை. ஒருவர் போத்தலில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். அவள் வாங்கவில்லை.

“றஜிந்தன்!”

12.38. புள்ளி.

12.46. நீலம்.

படகின் முன்புறம், அணியத்தில் ஒருவன் குந்தியிருந்தான். சிவப்புக் கோடு போட்ட சேட்டு. அவள் வாங்கிக் கொடுத்தது. முகத்தைக் கடலுக்குக் காட்டிக்கொண்டு, முதுகை அவளுக்குக் காட்டிக்கொண்டு...

“றஜிந்தன்!”

அசையவில்லை.

“றஜிந்தன்!”

அசையவில்லை. செபநாயகம் எஞ்சினை நிறுத்தினார். படகு சும்மா மிதந்து வந்தது. சளக்... சளக்...

“றஜிந்தன்!!”

தலை மெல்லத் திரும்பியது.

“ஓ,” என்றான் அவன்.

நிரோஜினி இறங்குதுறையில் அப்படியே குந்திவிட்டாள். அழுதாள். சிரித்தாள். அவன் ஏறி வந்து பக்கத்தில் நின்றான். கை சூடாக இருந்தது. மோவாயில் பழைய தழும்பு இருந்தது. போதும். அவளுக்கு வேறு என்ன வேண்டும்!

“உனக்கென்ன விசரே?” என்றான். “எஞ்சின் நிண்டுபோச்சு. அதுதான் பிந்தினது.”

“வேறை ஒண்டும் நடக்கேல்லையோ?”

“வேறை என்ன நடக்கிறது?”

செபநாயகம் கயிற்றைக் கட்டிவிட்டு, மீனை இறக்காமல், யாரோடும் பேசாமல் வீட்டுக்குப் போனார். களைப்பு என்று நினைத்தார்கள்.

அந்தப் பாட்டு வெளிவரவில்லை. கோபிசங்கர் அந்தக் கணினியையே விற்றுவிட்டார். ரசிகர்கள் கேட்டுக் கேட்டு ஓய்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை றஜிந்தனின் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டினார்கள். எல்லாம் முடிந்தது என்றுதான் நிரோஜினி நினைத்தாள்.

அந்தச் செவ்வாயிலிருந்து செபநாயகம் கடலுக்குப் போகவில்லை. அவர்கள் வீட்டுப் படியும் ஏறவில்லை. தாய்க்குத் தாயாக நின்று றஜிந்தனை வளர்த்தவர், அவனை வழியில் கண்டால் வேறு தெருவால் திரும்பிப் போனார்.

அதற்கு அடுத்த ஞாயிறு. இரண்டாம் பூசை முடிந்து சனம் கலைந்துகொண்டிருந்தது. கோயில் மாமரத்தின் கீழ் நின்று செபநாயகம் அவளைக் கைகாட்டிக் கூப்பிட்டார். ஆள் பாதியாகியிருந்தார்.

“உனக்கு ஒண்டு சொல்ல வேணும். சொல்லாமல் எனக்கு நித்திரை இல்லை.”

“சொல்லுங்கோ மாமா.”

“அண்டைக்கு எஞ்சின் தன்பாட்டிலை நிண்டது. பதினொண்டே முக்கால் இருக்கும். துளி காத்தில்லை. பாய் போட்ட வள்ளம் ஒண்டு கிட்ட வந்தது. காத்தில்லாமல் பாய் விம்மி நிக்குது, பிள்ளை! அதிலை அஞ்சு பேர். ஒருத்தரும் எங்களைப் பாக்கேல்லை. இவன் எழும்பினான். ‘வாறன்’ எண்டான். ஒரு காலை அங்காலை வைச்சிட்டான். நான் பாய்ஞ்சு சேட்டிலை பிடிச்சு இழுத்தன். இஞ்சாலை விழுந்தான்.”

நிரோஜினி அவர் கைகளைப் பிடித்துக்கொண்டாள். “எனக்கு விளங்குது மாமா. நீங்கள்தான் அவரைக் காப்பாத்தித் தந்தனீங்கள். அதுக்கேன் ஒளிச்சுத் திரியிறியள்?”

செபநாயகம் கைகளை விடுவித்துக்கொண்டார்.

“முழுக்கக் கேள். இவனை விழுத்திப்போட்டு நிமிந்து பாத்தன். வள்ளம் விலகிப் போகுது. அதிலை ஆறு பேர்.”

“அஞ்சு பேர் எண்டீங்களே, மாமா?”

“ஆறாவது ஆள் என்னைப் பாத்துக் கத்தினான். ‘மாமா, மாமா, என்னை விட்டிட்டுப் போகாதேங்கோ’ எண்டு கத்திக் கத்திக் கையை நீட்டினான். அதே சேட்டு. அதே குரல். எனக்குக் காலுக்குக் கீழை கிடந்தவன் ஒண்டும் கதைக்கேல்லை. கடலைப் பாத்துக்கொண்டு கிடந்தான்.”

கோயில் வாசலில் றஜிந்தன் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு அவளுக்காகக் காத்து நின்றான். அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

செபநாயகம் குரலைத் தாழ்த்தினார்.

“ரெண்டு பேரிலை ஒருத்தனைத்தான் நான் கரைக்குக் கொண்டு வந்தனான். எவனை எண்டு எனக்குத் தெரியாது, பிள்ளை.”